அப்பாவுக்குப் போட்ட நாற்காலி

எனக்கு ஒன்பது வயது ஆகும்வரை எங்கள் அப்பா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. மைசூரில், ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு வருவார், சட்டையை மாற்றுவார், நின்றபடியே காப்பியைக் குடிப்பார், தெருவுக்குப் போய்விடுவார். தெருவில் அப்படி என்ன வேலை என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். தெருதான் அவருடைய வேலை.

அந்தத் தெருவில் கொள்ளேகால் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பாதி, கன்னடக் குடும்பங்கள் பாதி. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், விளக்குக் கம்பத்தில் பல்பு எரியாவிட்டாலும், ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாவிட்டாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். எங்கள் வாசலில் எந்நேரமும் ஊரார் செருப்பு கிடக்கும். அம்மா அவற்றைத் தாண்டித்தான் கோலம் போடுவாள்.

எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார் கமிட்டி. வருஷா வருஷம் கௌரி கணேச பண்டிகைக்குத் தெருமுனையில் பந்தல் போட்டு, பிள்ளையார் வைத்து, கடைசி நாள் ஊர்வலமாகக் கொண்டுபோய் ஏரியில் கரைப்பார்கள். அதற்கு அப்பாதான் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. முதல் வருஷம் பந்தலுக்குக் குழி தோண்டக் கடப்பாரையை எடுத்தவர் அவர். அடுத்த வருஷம் கடப்பாரை எங்கே என்று எல்லோரும் அவரைக் கேட்டார்கள். எங்கள் தெருவில் தலைமைப் பதவி அப்படித்தான் வந்தது. பிள்ளையாருக்கு அப்பா யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நான் சிவன் என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம்தான். எங்கள் அப்பா என்னைவிட அவரைத்தான் அதிகம் கவனித்துக்கொண்டார்.

எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. என் பிறந்தநாளுக்கு வாங்கிய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சும்மாவே கிடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தருகிறேன் என்பார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வரும், கூடவே யாராவது ஒருவரும் வருவார். நஞ்சன்கூட்டுக்கு ரயிலில் கூட்டிப் போகிறேன் என்று சொன்னதும் அப்படியே நின்றுபோனது. ரயில் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் போகவில்லை.

வீட்டில் எனக்கென்று இருந்தவர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. கொள்ளேகாலில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவரை அப்பாதான் அழைத்து வந்து, மாடி அறையைக் கொடுத்து, பேனர் அடிக்கும் கடை ஒன்று வைத்துக் கொடுத்தார். சித்தப்பா வேடிக்கையாகப் பேசுவார். கன்னடத்தை அந்த ஊரிலேயே பிறந்தவர்களைவிட நயமாகப் பேசுவார். தோசை சாப்பிடக் கூட்டிப் போவார். எனக்கு அப்பாவைவிட அவரைப் பிடித்திருந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவர் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. சித்தப்பாவின் பைக்கில் திடீரென்று ஒரு கட்சிக்கொடி முளைத்தது. பண்டிகைக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியபோது, அவர் ஒரு பேனரைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். நான் அதன் ஓரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நடுவில் கட்சித் தலைவர் ஒருவர் இரண்டு கைகளையும் கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே சித்தப்பா கைகூப்பிச் சிரித்தார்.

அப்பா குனிந்து பார்த்தார். "பிள்ளையார் எங்கடா?"

"இருக்காருங்கண்ணா. மேல மூலையில."

இருந்தார். தபால்தலை அளவுக்கு இருந்தார். கமிட்டியில் இரண்டொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"பண்டிகை யாருக்குடா? நம்ம பந்தல்ல எந்தக் கட்சிக்காரன் மூஞ்சியும் வேண்டாம். இங்க எல்லாக் கட்சிக்காரனும்தான் வந்து கும்புடறான். நான் இருக்கற வரைக்கும் இது நடக்காது."

சித்தப்பா முகம் சுளிக்கவில்லை. பேனரை அழகாகச் சுருட்டினார். "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா" என்றார். அப்பாவுக்குத் தம்பியின் பணிவில் பெருமை. அன்றைக்கு இரவு சாப்பிடும்போது, அவன் வயசில் எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, பொறுமையா இருக்கறவங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பயம்தானுங்க என்றாள்.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா கமிட்டியின் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். எப்போதும் கட்டிலில் ஏறி உட்காருகிறவன்கூட அன்றைக்கு நின்றான். சித்தப்பாதான் பேசினார்.

"அண்ணா, இத்தன வருசமா நீங்கதான் ஓடியாடிப் பாத்துக்கறீங்க. தெருவு உங்களுக்கு என்ன செஞ்சுது? ஒண்ணுமே செய்யலீங்க. பசங்களுக்கு மனசு கேக்கல. இந்த வருசம் பந்தல்ல வெச்சு உங்களுக்குச் சன்மானம் செய்யணும்ங்கறாங்க. இனி நீங்க கௌரவத் தலைவருங்க."

மைசூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சன்மானம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மனிதர்களை மேடையில் உட்கார வைத்து, மாலை போட்டு, சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, கையில் பழக்கூடையைக் கொடுத்து போட்டோ எடுப்பார்கள். மகாராஜாக்கள் வைத்துக்கொண்டிருந்த அந்தத் தலைப்பாகையை இப்போது ஓய்வு பெறுகிற தலைமையாசிரியருக்கும் வைப்பார்கள், பஸ் டிப்போ மேனேஜருக்கும் வைப்பார்கள். அந்த ஊரில் பேட்டா வேண்டாம் என்று சொன்ன மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. எப்படிச் சொல்வது? மரியாதை செய்ய வந்தவனோடு சண்டை போட முடியுமா?

அப்பாவாலும் முடியவில்லை. வெட்கப்பட்டார். எனக்கு எதுக்குடா இதெல்லாம் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அம்மா மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இனித் தலைவரு யாரு?"

"அதெல்லாம் பேருக்குத்தானுங்க அண்ணி. அண்ணன் சொல்றதச் செய்யறதுக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்க? நான் பாத்துக்கறேன்."

அம்மா உள்ளே போய்விட்டாள். எல்லோருக்கும் காப்பி வந்தது, ஆனால் அம்மா கொண்டு வரவில்லை, என்னிடம் தட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

பண்டிகையன்று சாயங்காலம் மேடையில் அந்தப் பேட்டாவை வைத்த தட்டை ஏந்திப் போனவள் நான்தான். புதுப் பட்டுப் பாவாடை. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில் இருந்தார்கள். பேனரில் சிரித்த கட்சித் தலைவரே நேரில் வந்து அதை எடுத்து அப்பாவின் தலையில் வைத்தார். அது கொஞ்சம் பெரிதாக இருந்து காதுவரை இறங்கியது. அப்பா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கும்பிட்டார். பந்தலைச் சுற்றிக் கட்சித் தலைவருடைய முகம்தான். அப்பா அதை மேடையேறிய பிறகுதான் பார்த்திருக்க வேண்டும். சால்வையும் மாலையுமாக உட்கார்ந்திருக்கிறவர் எழுந்துபோய் பேனரைக் கழற்ற முடியாது.

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மேடைப் பேச்சு தெரியாது. எல்லோருக்கும் நன்றி என்றார். பிறகு வழக்கமாகப் பேசுவதையே பேசத் தொடங்கினார். ஊர்வலத்தன்று டிரான்ஸ்பார்மர் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது, கரண்ட் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பால்காரர் வீட்டெதிரில் வயர் தாழ்வாக இருக்கிறது. சித்தப்பா சிரித்த முகத்தோடு வந்து அவர் தோளைத் தொட்டு மைக்கை வாங்கிக்கொண்டார். கைதட்டுங்கள் என்று கன்னடத்தில் சொன்னார். எல்லோரும் தட்டினோம். நான் உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான சாயங்காலம் அதுவரை வந்ததில்லை.

பழக்கூடையை அம்மா அன்றைக்கே பிரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு ஆப்பிள்கூட எனக்கு மிஞ்சவில்லை. அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாளிலிருந்து நாற்காலி வந்தது. அப்பா பந்தல் பக்கம் போனால் போதும், எங்கிருந்தோ ஒருவன் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான். வாழைமரம் சாய்ந்திருக்கிறதே என்று அப்பா கயிற்றை எடுத்தால், ஒரு பையன் பதறிப்போய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். "நீவு கூத்கொள்ளி அண்ணா, நாவு நோட்கோத்தீவி" என்பான். நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பொய் மரியாதை இல்லை. அந்தப் பையன்களுக்கு அப்பாமேல் உண்மையாகவே பிரியம் உண்டு. பேட்டா வைத்த பெரியவரை வேலை வாங்குவது பாவம் என்று நினைத்தார்கள். பிரசாதம் அவருக்குத்தான் முதலில் வரும். பிரசாதம் என்ன செய்யலாம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர் போகிற இடத்துக்கெல்லாம் நாற்காலி பின்னாலேயே போனதைப் பார்க்க எனக்கு ஆனந்தம். எங்கள் அப்பாவுக்கு மட்டும்தான் நாற்காலி என்று பள்ளியில் சொல்லிக்கொண்டேன்.

ஊர்வலம் வந்தது. முந்தைய வருஷங்களில் அப்பா ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பார். கையில் நுனி கவையாகப் பிரிந்த நீண்ட மூங்கில் இருக்கும். தாழ்வாகத் தொங்குகிற வயரை அதைக் கொண்டு தூக்கிப் பிடிப்பார். டிராக்டரில் பிள்ளையார் அதன் அடியில் நுழைந்து வெளியே வரும்வரை தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் தலையசைத்த பிறகுதான் தமட்டைப் பறையை மறுபடி அடிப்பார்கள். அந்த வருஷம் மூங்கிலைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குப் பூ ஜோடித்த திறந்த ஜீப். கௌரவத் தலைவர் நடக்கலாமா? அவர் மடியில் நான்.

முதலில் ஜீப்தான் எல்லோருக்கும் முன்னால் போனது. பெரிய சாலைக்கு வந்ததும் கட்சித் தலைவரின் கார் வந்து சேர்ந்தது. சித்தப்பா தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். எங்கள் டிரைவர் ஜீப்பை ஓரங்கட்டினார். கார் முன்னால் போனது, பின்னால் தமட்டை, பின்னால் பையன்கள், பின்னால் டிராக்டரில் பிள்ளையார், அதற்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் கடைசியாக நாங்கள். அங்கிருந்து பிள்ளையார் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. வயர் வருகிற இடமெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். ஒவ்வொரு இடத்திலும் என்னைப் பிடித்திருந்த அவருடைய கை இறுகும், சீட்டிலிருந்து கொஞ்சம் எழுவார். சத்தம் நிற்காமல் தொடர்ந்து போகும். மறுபடி உட்காருவார்.

நாங்கள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையார் கரைந்துவிட்டிருந்தார். பையன்கள் ஈரத் துணியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வேர்த்துப்போய் ஓடிவந்து அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்கண்ணா."

"பால்காரர் வீட்டு வயரு?"

"ஒரு பிரச்சினையும் இல்லீங்கண்ணா. சுலபமாப் போயிருச்சு."

அப்பா தலையை ஆட்டினார். ஏதாவது தப்பாகப் போயிருக்க வேண்டும் என்று அவர் விரும்பியிருக்க மாட்டார், அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் ஒன்றுமே தப்பாகப் போகவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று, பெரியவளாகி ஒரு அலுவலகத்தில் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இல்லாமலே வயர் தூக்கப்பட்டது, டிராக்டர் போனது, பிள்ளையார் கரைந்தார். அன்றைக்கு அவர் குனிந்து என்னைக் கேட்டது ஒன்றுதான். "ஐஸ்கிரீம் சாப்புடறியா கண்ணு?" நான் இரண்டு சாப்பிட்டேன்.

சித்தப்பா தேர்தலில் ஜெயித்தார். அதன் பிறகு வாசல் செருப்புகள் மாடிப்படிக்கு இடம் மாறின, பிறகு அவர் வேறு வீடு பார்த்துப் போனதும் அவரோடேயே போய்விட்டன. இப்போது அவர்தான் நின்றபடி காப்பி குடித்தார். எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு ஆண்பிள்ளைதான் இருக்க முடியும் போலிருக்கிறது. வெகுகாலம் கழித்துக் கட்சியில் அவருக்கும் மூத்த ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள் என்று கேள்வி. அது அவர் பிள்ளைகள் எழுத வேண்டிய கதை.

எனக்கோ அந்த வருஷம் பொற்காலம். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய அப்பா நேராக வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே இருந்தார். சைக்கிள் படிக்கட்டின் அடியிலிருந்து வெளியே வந்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு நெடுக என்னோடு ஓடினார். நான் பழகிய பிறகும் பிடியை விடாமல் ஓடினார், விடுங்கப்பா என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது. நஞ்சன்கூட்டுக்கு ரயிலில் போனோம். கோயிலைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஞாயிறும் போனோம். என் கணக்குப் பாடம், என் பின்னல், என் பொம்மைக்கு வந்த ஜுரம் எல்லாவற்றிலும் அப்பா தலையிட்டார். எனக்குச் சலிக்கவே இல்லை.

அம்மாவுக்குத்தான் அந்த வருஷம் ஏதோ மறதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவரை வீட்டில் எல்லாவற்றையும் தனியாகவே முடிவு செய்தவள், எதற்கெடுத்தாலும் அப்பாவிடம் வந்து நின்றாள். ஏனுங்க, கத்தரிக்காய் வாங்கட்டுமா அவரைக்காய் வாங்கட்டுமா? ஏனுங்க, எங்க அக்கா மகன் கல்யாணத்துக்கு முந்தின நாளே போலாமா, அன்னிக்கிப் போனாப் போதுமா? நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். அப்பா யோசித்துப் பதில் சொல்வார். அம்மா அப்படியே செய்வாள். கத்தரிக்காய்க்கு இவ்வளவு யோசனையா என்று நான் சிரித்திருக்கிறேன். அம்மா என்னை முறைத்துப் பார்ப்பாள்.

அடுத்த வருஷம் பண்டிகை வந்தது. பேனரில் சித்தப்பா ஆளுயரத்துக்கு நின்றார். மேலே மூலையில், போன வருஷம் பிள்ளையார் இருந்த இடத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள் பேட்டா வைத்த அப்பா இருந்தார். முதல் நாள் பூஜைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். நாற்காலி போட்டார்கள். அப்பா உட்காரவில்லை, பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மங்களாரத்தி எடுத்தார்கள். மணிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று நினைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாய்விட்டே வேண்டினேன்.

"பிள்ளையாரப்பா, எங்க அப்பாவ எப்பவுமே கௌரவத் தலைவராவே வெச்சிரு. அவருக்கு வேற வேலை எதும் குடுத்துராத."

மணி நின்றிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரத் தட்டு எங்களிடம் வந்தது. அப்பா இரண்டு கையாலும் ஒற்றி எடுத்து முதலில் என் கண்ணில் வைத்தார்.

"சாமி கேட்டுட்டாரு கண்ணு" என்றார்.

சொல்லிவிட்டுக் கையை என் தலைமேல் வைத்தார். கூட்டம் நகர்ந்தது, தட்டு அடுத்தவரிடம் போனது, அந்தக் கை நகரவில்லை. கொஞ்சம் நடுங்கியது. எனக்குச் சந்தோஷம் வந்தால் எனக்கும் அப்படித்தான் கை நடுங்கும். அதனால் அப்பாவும் இதையேதான் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.